தாய்மாமன் கேட்ட விசா

சேவூர் பரசுராமனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், தங்கச்சியை முதலில் கரையேற்ற வேண்டியிருந்தது என்பார். அதற்கப்புறமும் ஏன் ஆகவில்லை என்று கேட்டால் தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிடுவார். வயது நாற்பத்தாறு. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் பட்டு நெய்துதான் தங்கை சூர்யகலாவைப் படிக்க வைத்தார், கட்டிக்கொடுத்தார். அவள் இப்போது மெல்போர்னில், அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிக்கொண்டு, புருஷன் வீட்டாரோடு இருக்கிறாள். அவள் மகள் காவ்யாவைப் பரசுராமன் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

காவ்யாவுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துவதுதான் வழக்கம். இருப்பது ஒரே மாமன். அவர்களே ஊருக்கு வந்து குத்திக்கொண்டு போகலாமே என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். குழந்தைக்கு மூச்சிரைப்பு, இப்போதைக்கு நெடுந்தூரப் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் வந்தால்தான் காதுகுத்து என்று சூர்யகலா ஒற்றைக்காலில் நின்றாள். பரசுராமன் பாஸ்போர்ட் எடுத்து, மூன்று மாத விசாவுக்கு மனு போட்டார்.

இங்கேதான் அவர் ஒரு காரியம் செய்தார். ரொம்ப நாளைக்கு ஊரைவிட்டுப் போகிற நெசவாளி, முதலாளி கொடுத்த பாவு நூல் முழுவதையும் நெய்து முடித்து, புடவைகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவான். பாதி பாவு தறியில் தொங்கிக்கொண்டிருக்கக் கிளம்பினால், ஆள் ஓடிவிட்டான் என்றுதான் ஊர் பேசும். பரசுராமன் மனு போடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் முடித்தார். வெறும் தறியைத் துடைத்து மஞ்சள் குங்குமம் வைத்தார். அதைப் போட்டோ எடுத்து மனுவோடு சேர்த்தார். முதலாளி ரங்கசாமியும் தன் பங்குக்கு ஒரு கடிதம் கொடுத்தார். எங்கள் பாவு எதுவும் இப்போது இவரிடம் இல்லை, எல்லா வேலையையும் முடித்துவிட்டார், நாணயமான மனிதர் என்று எழுதியிருந்தார். நற்சான்று என்றால் இதுவல்லவா நற்சான்று என்று மனுவை எழுதிக்கொடுத்த ஆரணி ஏஜென்டும் மகிழ்ந்துபோய் அனுப்பிவைத்தார்.

விசா அதிகாரி என்ன செய்வார், பாவம். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, கையில் வேலை இல்லை, தொழிலையும் மூட்டை கட்டிவிட்டார், இவர் திரும்பிப் போக ஒரு காரணமும் தெரியவில்லை என்று மறுத்துவிட்டார். எந்த யோக்கியதையைக் காட்டி விசா கேட்டாரோ, அதுவே அவருக்கு எதிர்சாட்சியாகிவிட்டது. விஷயம் விளங்கியபோது பரசுராமனுக்குக் கோபம் வரவில்லை, அவமானமாக இருந்தது. ஓடிப்போகிறவன் என்று இந்த ஊரில் யாரும் அவரைச் சொன்னதில்லை.

சூர்யகலா விடவில்லை. அங்கேயே ஒரு தமிழ் வக்கீலைப் பிடித்து மேல்முறையீடு செய்தாள். விசாரணைக்கு வரிசை நீளமாக இருந்தது. ஒரு வருஷம் போய் இன்னொன்றும் பாதி போனது. காவ்யா பள்ளிக்கூடம் சேர்ந்தாள்.

பொங்கலுக்கு ஒரு போட்டோ வந்தது. பட்டுப்பாவாடையில் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாள். காற்றில் முடி விலகியிருந்த இடத்தில், காதில் சின்னதாக ஒரு தோடு. பரசுராமன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார். வலித்தது. அன்று அவருக்கு நெய்யப் பிடிக்கவில்லை. ஆனாலும் தங்கச்சியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கப்புறம் போனில் வரும்போதெல்லாம் குழந்தையின் முடி காதை மூடியபடியே இருந்தது. அதையும் அவர் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் பயணத்துக்குச் சொன்ன காரணமும் போய்விடும், மனுவும் நிற்காது, அவளாலும் அவர் முகத்தில் முழிக்க முடியாது.

விசாரணை வீடியோவில் நடந்தது. புதுப்பாவு ஏற்றி அதன் முன்னால் உட்காருங்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். விசாரித்தவர் ஒரு அம்மாள், நிதானமானவர். பரசுராமன் தமிழில் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார். தறியை ஏன் காலி செய்தீர்கள் என்ற கேள்விக்கு, திரும்பி வருகிறவன் தலைகுனியாமல் வர வேண்டும் என்பதற்காகத்தான் என்று விளக்கினார். அந்த அம்மாள் அதை இரண்டாம் முறையும் கேட்டுப் புரிந்துகொண்டார். வக்கீல் முகத்தில் தெம்பு வந்தது.

பிறகு அந்த அம்மாள், பயணத்தின் காரணம் காதுகுத்து என்று மனுவில் இருக்கிறது, குழந்தைக்கு இப்போது ஆறு வயது, இன்னும் குத்தவில்லையா என்று கேட்டார்.

திரையின் மறு கட்டத்தில் சூர்யகலாவின் முகம் வெளுத்துவிட்டது. உண்மையே சொல்வேன் என்று உறுதிமொழி எடுத்திருந்தாள்.

"குத்தியாச்சுங்கம்மா," என்றார் பரசுராமன்.

வக்கீல் காகிதங்களுக்குள் குனிந்துகொண்டார். அப்படியானால் நீங்கள் இனி எதற்காக வர வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டார்.

"காது குத்த ஒரு நிமிசம் போதும்மா. நான் மூணு மாசம் கேட்டுகினு இருக்கேன். அந்தப் புள்ள ஒரு தபா கூட என் மடியில ஒக்காந்தது இல்ல."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அதற்குமேல் கேள்வி இல்லை.

சில வாரங்களில் தீர்ப்பு அவர் பக்கமாக வந்தது. அதுவரை அண்ணனும் தங்கையும் சாப்பாடு, மழை, விலைவாசி எல்லாம் பேசினார்கள், காதைப் பற்றி மட்டும் பேசவில்லை. விசா கைக்கு வந்த அன்றுதான் சூர்யகலா வாய் திறந்தாள். கூடப் படிக்கிற பெண்களெல்லாம் தோடு போட்டு வருகிறார்கள் என்று குழந்தை அழுது அடம்பிடித்தாள், மாமியாரும் ஜாடை பேசினார், வேறு வழி தெரியாமல் கடைக்குக் கூட்டிப்போனேன் என்றாள்.

"எங்க மாமனார் மடியில ஒக்கார வெச்சிக்கிறேன்னு வந்தாருணா. நான் வுடல. நாற்காலியில தனியாத்தான் ஒக்காந்துகினு இருந்தா."

பரசுராமன் போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அழுதாளா?" என்றார்.

"அவ அழலணா," என்றாள் சூர்யகலா.