அடிவாரத்தோடு திரும்பிய பயணம்

சாவு நடந்த வீட்டுக்கு ஒரு வருஷம் வரை என்னென்ன கூடாது என்பதற்கு எழுத்தில் எதுவும் கிடையாது. அரசாணை இல்லை, சுற்றறிக்கை இல்லை. வருவாய்த்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்கு இது எப்போதும் உறுத்தல்தான். பண்டிகை கூடாது, கோலம் கூடாது, வீட்டில் தீப விளக்கு வைக்கக் கூடாது, மலைமேல் கால் வைக்கக் கூடாது. யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மீறினால் என்ன ஆகும் என்று கேட்டால் மட்டும் எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டில் இன்னொன்று போகும்.

பங்குனியில் எங்கள் மகன் இறந்துபோனான். சென்னையில் நண்பனோடு தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். ஒரு நாள் காலையில் நண்பன் எழுப்பியபோது எழவில்லை. இதயம் என்றார்கள். கல்யாணம் ஆகவில்லை. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் நானே வாங்கினேன். என்னிடம் வேலை கற்றவர்கள் இன்னும் வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தில் இருப்பதால் எந்தக் காகிதமும் எந்த மேசையிலும் தூங்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் சிலர் அதைப் பாராட்டவும் செய்தார்கள். சட்டப்படி மணமாகாத மகனுக்கு முதல் வகுப்பு வாரிசு தாய். தகப்பன் இரண்டாம் வகுப்பு. தாய் உயிரோடு இருக்கும்போது தகப்பனுக்குச் சேர வேண்டியது ஒன்றுமில்லை. அவன் போனதில் எனக்கு என்ன ஆனது என்று யோசிக்கும்போதெல்லாம் இந்தப் பிரிவுதான் ஞாபகத்துக்கு வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

என் மனைவி முதலில் அழுதாள். பிறகு நிறுத்திவிட்டாள். ஆடியில் கோயம்புத்தூரிலிருந்து எங்கள் மகள் போன் செய்து, பல வருஷம் காத்திருந்த பிறகு இப்போது மூன்றாவது மாதம் என்றாள். அன்றிலிருந்து விதிகள் மகனுக்காக இல்லை. இன்னொன்று போகும் என்று சொல்வதில் அந்த இன்னொன்று யார் என்பது என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. வருஷம் திரும்பாத வீட்டிலிருந்து பிள்ளைத்தாச்சியிடம் போகக் கூடாது என்று மகளைப் பார்க்கக்கூடப் போகவில்லை. போனில் மட்டும் பேசுவாள். அதுவும் மகள் கூப்பிட்டால்தான்.

கார்த்திகை நெருங்கியது. தீபத்தன்று எங்கள் ஊரில் மலை உச்சியில் தீபம் ஏற்றிய அதே நொடியில் ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு எரியும். அன்று சொந்தக்காரர்கள் வராத வீடு இருக்காது. எங்கள் மாடியிலிருந்து உச்சி மறைப்பில்லாமல் தெரியும் என்பதால் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் கொஞ்சம் ஜாஸ்தி. கீழ்பென்னாத்தூரிலிருந்து என் மனைவியின் தங்கை போன் செய்தாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“அக்கா, பொண்ணுங்க கேட்டுக்கினே இருக்குதுங்க. இந்த வருஷம் உங்க மாடிக்கு வரலாமா? உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேணாம்.”

“வாங்க. சாவி தரேன். வெளக்கு மட்டும் வெக்காதீங்க.”

“சாவி எதுக்கு? நீங்க எங்க போறீங்க?”

என் மனைவி போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். “ஏங்க, நாம எங்க போறோம்?”

நாங்கள் போகிறோம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

“மலை கண்ணுல படாத எடமா பாருங்க. நம்ம ஜனம் வராத எடமா.”

பாஸ்போர்ட் இல்லாமல் போகக்கூடிய தூரத்தில் கடைசியாக இருந்தது வடகிழக்கு. கௌகாத்தி வரை விமானம், அங்கிருந்து வாடகைக் கார். ஷில்லாங், சோரா, கோகிமா, தவாங் என்று இரண்டு வாரத்துக்கு, எந்த நாள் எந்த ஊர் என்று, அலுவலக வழக்கப்படி முகாம் நிரல் தயாரித்தேன். நாகாலாந்துக்கும் அருணாசலத்துக்கும் நம் நாட்டுக்காரர்களே முன் அனுமதி வாங்கித்தான் நுழைய வேண்டும். சொந்த நாட்டுக்குள் நுழைய விண்ணப்பம் கேட்கும் அந்த மாநிலங்கள் பார்க்கும் முன்பே எனக்குப் பிடித்துவிட்டன. அனுமதிகளை இரண்டு படிகளாக எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டேன்.

இவ்வளவு பார்த்தவன் ஒன்றைப் பார்க்கவில்லை. மலையைச் சுற்றியே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலை என்றால் வீட்டு வாசலில் நிற்கும் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பூகோளப் பாடம். ஒரு வருஷம் மலையில் கால் வைக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்த மனைவியை நான் நாட்டிலேயே மலை ஜாஸ்தியான இடத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். நிரலைப் படித்துப் பார்த்து அவளும் சரி என்றிருந்தாள். இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

கௌகாத்தியில் எங்களுக்காகக் காத்திருந்த ஓட்டுநர் நாற்பது வயதுக்காரர். “வணக்கம் சார், வணக்கம் அம்மா. சாப்டாச்சா?” என்றார். சென்னையில் ஓட்டல் ஒன்றில் சில வருஷம் வேலை பார்த்தவராம்.

“நம்ம ஜனம் வராத எடமா பாக்கச் சொன்னேன்” என்றாள் என் மனைவி எனக்கு மட்டும் கேட்கும்படி.

ஷில்லாங் சாலையில் முதல் ஒரு மணி நேரம் அவள் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு காதைத் தேய்த்தாள்.

“காது அடைக்குது.”

“எச்சிலை முழுங்கு. சரியாப் போயிடும்.”

கண்ணைத் திறந்து வெளியே பார்த்தாள். ஒரு வளைவு, அடுத்த வளைவு. கீழே நாங்கள் வந்த சாலை தெரிந்தது. “என்னங்க இது, மேல ஏறிக்கினே போவுது?”

“ஷில்லாங் மேலதான் இருக்கு.”

“அப்ப இது மலைதானே?”

எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. ஆனாலும் பழக்கதோஷம், விளக்கம் தயாராக வந்தது. “அந்தக் கட்டுப்பாடு சாமி இருக்கற மலைக்குத்தான். இது சும்மா மலை.”

“அப்படினு எங்க எழுதியிருக்கு?”

அது என் கேள்வி. நாற்பது வருஷம் அவளிடம் நான் கேட்ட கேள்வி. இதற்குள் மலை, சாமி என்ற இரண்டு வார்த்தைகளைப் பிடித்துக்கொண்ட ஓட்டுநர், தெற்கிலிருந்து வந்தவர்களுக்குக் கோயில்தான் வேண்டும் என்று நினைத்து உற்சாகமாகத் திரும்பினார். “சாமி இருக்கு அம்மா! இங்க எல்லா மலைலயும் சாமி இருக்கு. காட்டுல ஒரு இலை எடுத்தாக்கூட விடாது. செம பவர்!”

“வண்டிய நிறுத்தச் சொல்லுங்க” என்றாள் என் மனைவி.

வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். அன்னாசியை நறுக்கி உப்பும் மிளகாயும் தூவி விற்றுக்கொண்டிருந்தார்கள். என் மனைவி காரிலிருந்து இரண்டே எட்டில் பெஞ்சுக்குப் போய், காலைத் தரையில் ஊன்றாமல் கீழே இருந்த குறுக்குக் கட்டையில் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்படியே உட்கார்ந்து அன்னாசியைத் தின்றாள். கடைக்காரப் பெண், தரை ஈரமாக இருக்கிறதோ என்று குனிந்து பார்த்தாள்.

“இவ்வளவு தூரம் வந்தாச்சு. ரூம் எல்லாம் போட்டிருக்கேன்” என்றேன்.

“நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கயே ஒக்காந்திருக்கேன்.”

“கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாதும்மா.”

“அவனுக்குந்தான் ஒண்ணும் ஆகாதுனு இருந்தோம்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உப்பு கம்மி என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

வண்டியைத் திருப்பினோம். இறங்கும் வழியிலேயே ஷில்லாங் அறையை ரத்து செய்தேன். பிறகு சோரா, கோகிமா, தவாங். பங்குனியிலிருந்து ரத்து செய்வதில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது. மகனின் போன் இணைப்பு, வங்கிக் கணக்கு, ஜிம் உறுப்பினர் அட்டை வரை எல்லாம் நான் ரத்து செய்ததுதான். ஒவ்வொன்றுக்கும் கடைசியில் எங்கள் சேவையில் திருப்தியா என்று ஒரு கேள்வி வரும். திருப்தி என்றே அழுத்திக்கொண்டிருந்தேன்.

ஆனால் திரும்பிப் போகும் விமானத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஊருக்குத் திரும்பினால் தீபம் இருந்தது. எனவே புதிதாக ஒரு நிரல் போட்டேன், தரையை விட்டு எழும்பாமல். பிரம்மபுத்திராவின் சமவெளியிலேயே கிழக்கே போவது, ஒவ்வொரு மாநிலத்தையும் அடிவாரத்தில் தொட்டுவிட்டுத் திரும்புவது. ஓட்டுநர் இதைக் கேட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“சார், எல்லாரும் மேல பாக்க வர்றாங்க. நீங்க கீழ பாக்க வந்துட்டீங்க” என்றார். “பரவால்ல. புதுசா இருக்கு.”

அறுவடைக் காலம். இரண்டு பக்கமும் நெல் கட்டுகளைச் சுமந்துகொண்டு ஆட்கள் போனார்கள். காலையில் பனி மூடியிருக்கும். பத்து மணிக்கு மேல் விலகினால் தூரத்தில் நீலமாக மலைகள் வரிசையாக நிற்கும். அவற்றைப் பார்த்துக்கொண்டே இணையாகப் போவோம். காசிரங்காவில் நெடுஞ்சாலையிலிருந்தே ஒரு காண்டாமிருகத்தைப் பார்த்தோம். ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டி, அதை அவரே வளர்த்ததுபோலக் காட்டினார். அது புல்லைத் தின்றுகொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து காரில் வந்தவர்கள் கத்தினார்கள். என்னிடம் கத்துவதற்கு ஒன்றும் இல்லை. காண்டாமிருகத்துக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

நாகாலாந்தில் சமவெளியில் இருக்கும் திமாபூர் வரை போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். சாலை கொஞ்சம் ஏறினாலும் என் மனைவி முன்சீட்டைத் தட்டுவாள்.

“தம்பி, இது மேடா, மலையா?”

“மேடு அம்மா. சத்தியமா மேடு.”

இரண்டு முறை அவர் பொய் சொன்னார் என்று நினைக்கிறேன். நான் தலையிடவில்லை.

அருணாசல எல்லை வாயிலில் அனுமதிச் சீட்டைக் காட்டினேன். எத்தனை நாள் என்று காவலர் கேட்டார். ஒரு மணி நேரம் என்றேன். சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அனுமதி முறையாக இருந்ததால் விட்டுவிட்டார். உள்ளே போய் ஆற்றங்கரைக் கூழாங்கல்லில் சற்று நேரம் நின்றோம். எதிரே சாலை மலைக்குள் நுழைந்து மறைந்தது.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள் என் மனைவி. திரும்பினோம்.

தீபத்தன்று தேஜ்பூரில் ஆற்றைப் பார்த்த ஒரு விடுதியில் இருந்தோம். காலையிலிருந்தே அவள் சாயங்காலத்துக்குப் பயந்துகொண்டிருந்தாள். பகல் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டாள். வெளியே இருட்டத் தொடங்கியதும் விறைத்து உட்கார்ந்தாள்.

“மணி ஆறு ஆயிடுச்சா?”

“நாலரைதான் ஆவுது.”

“இதுக்குள்ள எப்படி இருட்டும்?”

“இங்க சூரியனுக்கு விருப்ப ஓய்வு குடுத்திருக்காங்க.”

அவள் சிரிக்கவில்லை. ஆனால் தோள் சற்றுத் தளர்ந்தது. நம் ஊரில் ஆறு மணி ஆனபோது இங்கே எப்போதோ இரவாகிவிட்டிருந்தது. பயந்துகொண்டிருந்த நேரம் தனியாக வரவே இல்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கடந்துவிட்டது என்று நான் நினைத்தபோது அவள் போன் அடித்தது. எடுத்தாள். வீடியோ.

“அக்கா, அக்கா! ஏத்திட்டாங்க, பாருங்க!” தங்கை சந்தோஷத்தில் எல்லாவற்றையும் மறந்திருந்தாள். அரோகரா என்று ஊரே கத்தும் சத்தம் அந்தச் சின்ன போனில் கரகரத்தது. இருட்டில் தீக்குச்சி அளவுக்கு ஒரு வெளிச்சம். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போனாள். அதற்குள் தங்கை தன் பெண்களைக் காட்டப் போனைத் திருப்பினாள். பெண்களுக்குப் பின்னால் எங்கள் மாடிச் சுவர். சுவரின் மேல் வரிசையாக அகல் விளக்குகள்.

“வெளக்கு யாரு வெச்சது?”

தங்கை போனைத் தன் முகத்துக்குத் திருப்பினாள்.

“அக்கா... எங்க சின்னவதான், அக்கா. எல்லா வீட்லயும் எரியுது, நம்ம வீடு மட்டும் பல்லு விழுந்த மாதிரி இருக்குனு ஏத்திட்டா. நான் கீழ சமையக்கட்டுல இருந்தேன். அணைச்சிடவா?”

“தீபத்தன்னிக்கு ஏத்தின வெளக்க அணைக்கறதா?” என்றாள் என் மனைவி. போனைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஏங்க, என்ன பண்றது?”

துக்க வீட்டில் விளக்கு எரியக் கூடாது. ஏற்றிய தீபத்தை அணைக்கக் கூடாது. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு ஆணைகள் வந்தால் தெளிவுரை கேட்டு மேலிடத்துக்கு எழுதுவோம். பதில் வருவதற்குள் விவகாரம் தானாக முடிந்துவிடும். இங்கே எனக்கு மேலே யாரும் இல்லை. தெரியாது என்பதை அவளாகவே என் முகத்தில் படித்துக்கொண்டாள்.

போனைப் பக்கத்தில் கொண்டுபோனாள். “எண்ணெ எவ்ளோ ஊத்தினா?”

“பாதி அகல் இருக்கும்.”

“சரி, எரியட்டும். மேல ஊத்தாதீங்க. யாரும் ஊதிடாதீங்க. தானா நின்னதும் எடுத்து உள்ள வெச்சிடு. சின்னவள திட்டாத.”

போனை வைத்தவள் உடனே மகளைக் கூப்பிட்டாள். பங்குனிக்குப் பிறகு அவளாக மகளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவசரத்தில் தப்பான பெயரை அழுத்தி, நிறுத்திவிட்டு, மறுபடி அழுத்தினாள்.

“என்னம்மா? நீயே போன் பண்ற? அப்பாவுக்கு ஏதாவதா?”

“அவருக்கென்ன. கொழந்த அசையுதா?”

“மத்தியானம் உதைச்சிது. ஏம்மா?”

“இப்ப?”

“இப்ப தூங்குது போல.”

“அசைஞ்சா சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்.”

மகள் சிரித்தாள். “பஸ்ஸாம்மா அது, வந்தா சொல்றதுக்கு? அடுப்புல குக்கர் வெச்சிருக்கேன்.”

“நீ உன் வேலையப் பாரு. போன பக்கத்துல வெச்சிக்கோ. கட் பண்ணாத.”

மகள் போனைச் சமையல் மேடையில் வைத்தாள். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பாத்திரம் நகரும் சத்தம். என் மனைவி கட்டிலில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஊரில் பாதி அகல் எண்ணெய் தீர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரமும் கேட்பதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதற்கென்று தெரியவில்லை. அவள் போனைச் சற்று என் காது பக்கம் நகர்த்தினாள். குக்கர் விசில் அடித்தது.

“அம்மா, இருக்கியா?” என்றாள் மகள்.

“இருக்கேன், சொல்லு.”

“ஒண்ணுமில்ல. இன்னும் அசையல.”

“பரவால்ல,” என்றாள் என் மனைவி. “நான் இருக்கேன்.”