அக்ரிலிக் பலகை வெடித்த ஞாயிற்றுக்கிழமை

மூன்று வருடம் இருக்கும். புரட்டாசி மாதம். புதுப்பட்டினத்துக்கு வடக்கே எங்கள் குப்பத்தை ஒட்டி ஒரு சவுக்குத் தோப்பு. அதற்குள் ஒரு பாய்மரப் படகை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும். மீன் பிடிக்கிற படகு இல்லை. இரண்டு பேர் படுக்க உள்ளே அறை வைத்தது. ஓய்வு பெற்ற ஒரு சார் ஆசைப்பட்டு வாங்கினார். நான் கடலுக்குப் போவதை விட்ட பிறகு அதற்குக் காவல்.

அறையின் கூரையில் ஜன்னல் மாதிரி ஒரு மூடி. கண்ணாடி இல்லை, அக்ரிலிக் பலகை. சார் அதற்கு நேர் கீழே படுத்து ராத்திரியெல்லாம் நட்சத்திரம் பார்ப்பார். அவர் வீட்டம்மா கட்டித் தரும் எலுமிச்சை சாதத்தில் எனக்கும் பங்கு உண்டு. வேர்க்கடலையை அள்ளிப் போடுவார்கள். எனக்கோ பல் கிடையாது. சரி, அது கிடக்கட்டும்.

சாருக்கு வயிற்றில் புற்றுநோய் வந்தது. செங்கல்பட்டில் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். வெயில் தின்று பலகை பால் ஊற்றின மாதிரி வெளுத்துப் போனது. ஒருநாள் சார் வீட்டம்மா போன் செய்தார்கள்.

“பெரியவரே, டாக்டர் கைவிட்டுட்டாரு. ஒரு ராத்திரி படகுல படுத்து வானத்தைப் பாக்கணும்னு கேக்கறாரு. ஞாயித்துக்கெழம கூட்டினு வரோம்.”

பற்பசை போட்டுப் பலகையைத் தேய்த்துப் பார்த்தேன். வெள்ளை கொஞ்சம் போனது. உள்ளே ஓடிய மயிரிழைக் கீறல்கள் போகவில்லை. செங்கல்பட்டுக்குப் போய், பெயர்ப்பலகை செய்கிற கடையில் புதுப் பலகை வெட்டி வாங்கினேன். பஸ்ஸில் அதைக் காலிடுக்கில் வைத்திருந்தேன். கண்டக்டர் சும்மா விடவில்லை.

“இன்னா பெருசு, யார் வூட்டு ஜன்னல கழட்டிகினு வர?”

“படகுக்குப்பா.”

“படகுக்கு ஜன்னலா? ஏசி மாட்டலியா?”

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஞாயிறு காலையில் என் மச்சான் வந்து மாட்டினான். ஃபைபர் படகு பழுது பார்ப்பவன். எங்கள் படகில் எந்தப் போல்ட்டையும் இனி திரும்பாது என்கிற வரைக்கும் முடுக்குவோம். தளர்ந்தால் தண்ணீர் வரும், தண்ணீர் வந்தால் உயிர் போகும். அந்தப் பழக்கத்தில் அவன் முடுக்கினான். “இன்னும் ஒரு சுத்து வுடு மச்சான்” என்று நானும் சொன்னேன்.

உச்சி வெயிலில் டப்பென்று ஒரு சத்தம். பலகை மூலைக்கு மூலை வெடித்திருந்தது.

“மாமா, கார் வந்துகினு கீது மாமா!” மச்சான் தலையில் கைவைத்தான். சில்லு சார் மேல் விழுந்துவிடக் கூடாதே என்று பலகையைக் கழற்றி எறிந்தோம். கூரையில் வெறும் ஓட்டைதான்.

சாரை மச்சான் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினான். நனைந்த வலை அளவுக்குக்கூட கனமில்லை என்று பிறகு சொன்னான். படுக்க வைத்ததும் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“மூடி ஒடஞ்சிபோச்சி சார். டைட்டு வச்சிட்டோம்.”

“அது வெயில்ல வீங்கும் அண்ணாத்த. போல்ட்டு ஓட்டைய கொஞ்சம் பெருசா போட்டிருக்கணும். பரவால்ல, வுடு.”

சாயங்காலம் ஆவதற்குள் தூறல் பிடித்தது. நான் தார்ப்பாயை இழுத்தேன்.

“மூடாத அண்ணாத்த.”

“சளி புடிச்சிக்கும்ங்க” என்று அம்மா கெஞ்சினார்கள்.

“இனிமே சளிக்கா பயப்படணும்?” சார் சிரித்தார். முகமெல்லாம் தண்ணீர். அம்மா அவர் பக்கத்தில் ஒண்டிப் படுத்துக்கொண்டார்கள். நான் தார்ப்பாயைப் பிடித்தபடி வெளியே நனைந்துகொண்டு நின்றேன்.

மழை வலுத்தது. படுக்கை நனைந்து, அவர் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. இருட்டுவதற்கு முன்பே காரில் ஏற்ற வேண்டியதாயிற்று. அந்த வாரமே போய்விட்டார்.

பிறகு மச்சான் வேறு பலகை வாங்கி, ஓட்டையைப் பெரிதாகப் போட்டு, பசை வைத்து, விரலாலேயே திருகி மாட்டினான். இன்றுவரை கீறல் இல்லை. கீழே படுக்கத்தான் ஆள் இல்லை.

“நாம ஒழுங்கா மாட்டியிருந்தா அந்தத் தூறல் அவரு மேல வுழுந்திருக்குமா மாமா?” என்று மச்சான் என்னைத் தேற்றுவான். இருக்கலாம். ஆனால் நட்சத்திரம் கேட்டு வந்த மனிதனுக்கு எங்களால் கொடுக்க முடிந்தது ஒரு தூறல். அதையும் அவர் முகம் கோணாமல் வாங்கிக்கொண்டார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது.