கோமதியம்மாள் சாந்த சொரூபியான கதை

போன ஞாயிற்றுக்கிழமை புனேயின் கராடி பகுதியில் இருக்கும் எங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் ஓர் இரங்கல் கூட்டம். அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். 'செலிப்ரேஷன் ஆஃப் லைஃப்' என்றுதான் வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. கூடவே ஒரு குறிப்பு – வெள்ளை அல்லது வெளிர்நிற உடையில் வரவும்!

மறைந்தவர் என் சிநேகிதி கோமதியம்மாள். என் அம்மா வயது. கணவர் போனபிறகு திருநெல்வேலியிலிருந்து மகனோடு இருக்க வந்தவர்.

எங்களுக்குள் பழக்கம் ஆனதே ஒரு சண்டையில்தான். குடியிருப்புப் பூங்காவில் உட்கார்ந்து, சுற்றிலும் யாருக்கும் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில், போனில் என் கணவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏட்டி, புருசன இம்புட்டு மெதுவா ஏசுனா அவனுக்கு எப்படி ஒறைக்கும்?"

அன்றிலிருந்து நாங்கள் தோழிகள்.

ஞாயிறன்று கிளப் ஹவுஸுக்குள் நுழைந்த வேகத்தில் வெளியே வந்துவிட்டேன். வேறு யாருடைய கூட்டத்துக்கோ வந்துவிட்டோமோ? மேடையில் மாலை போட்டிருந்த படத்தில் இருந்த அம்மையாரை நான் பார்த்ததே இல்லை. நன்றாக வெளுத்திருந்தார். மூக்குக் கண்ணாடியைக் காணோம். சுருக்கங்களைத் துடைத்தெடுத்துவிட்டு, ஏதோ ஆப் உபயத்தில் ஒரு மெல்லிய புன்னகையைப் பொருத்தியிருந்தார்கள். கோமதியம்மாளாவது, மெல்லிய புன்னகையாவது! அவர் சிரித்தால் லிஃப்டில் போகிறவர்களுக்குக் கேட்கும்.

மகன் செந்தில், ஐ.டி. கம்பெனியில் பெரிய பதவி. கையில் ரிமோட்டோடு ஓடிவந்தான்.

"அக்கா, நீங்களும் ரெண்டு வார்த்தை பேசணும். ஆனா... கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும்."

முதலில் பேசியவர் குடியிருப்பு சொசைட்டியின் செயலாளர். "அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர்" என்று மராத்தியில் உருகினார். இவரைத்தான், குழாயில் தண்ணீர் வராத ஒரு கோடைக் காலையில், கோமதியம்மாள் காலி பக்கெட்டோடு போய்ச் சந்தித்தார். செயலாளர் மராத்தியில் விளக்கம் கொடுத்தார். கோமதியம்மாள் நெல்லைத் தமிழில் அதை ஏற்க மறுத்தார். ஒருவர் பேசியது மற்றவருக்குத் துளியும் புரியவில்லை. ஆனால் மதியத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது!

அடுத்து யோகா டீச்சர். தியானத்தில் கோமதியம்மாளுக்கு இணையே கிடையாதாம். ஏன் இருக்காது? கண்ணை மூடச் சொன்ன மறு நிமிடமே குறட்டை விட்டவர் அந்த வகுப்பில் அவர் ஒருவர்தானே?

பிறகு செந்தில் ஸ்லைடுகளைக் காட்டினான். ஒன்றில், கோமதியம்மாளும் மருமகள் மேதாவும் கைகோத்து நிற்கும் படம். மேதா புனேக்காரி, மராத்திப் பெண். படத்தின் கீழே – 'மாமியார் அல்ல, தாய்.'

எனக்குப் பின்வரிசையில் ஊரிலிருந்து வந்திருந்த உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர்.

"ஆமா, வடக்கத்திக்காரி தாங்கியிருப்பா! பாவம், பெரிம்மை மனசுல என்னென்ன கெடந்துச்சோ..."

"கடைசி காலத்துல ஒரு வாய் தண்ணி குடுத்தாளோ என்னமோ?"

மேதாவுக்குத் தமிழ் புரியாது என்ற நினைப்பு. முன்வரிசையில் இருந்த மேதாவின் தலை மெல்லக் குனிந்ததை நான் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

மைக் என்னிடம் வந்தது. பாசிட்டிவாகத் தயாரித்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ! எல்லோருக்கும் புரியட்டும் என்று ஹிந்தியில் ஆரம்பித்தேன்.

"கோமதியம்மாள் சாந்தமானவர் இல்லை. அவரும் மேதாவும் தினமும் சண்டை போடுவார்கள்."

செந்தில் முகத்தில் ஈயாடவில்லை. நான் நிறுத்தவில்லை. ஒருநாள் வாக்கிங்கில் கோமதியம்மாள் என்னிடம் அலுத்துக்கொண்டதைச் சொன்னேன். 'ஏட்டி, நா ஏசுறது அவளுக்கு வெளங்கவே மாட்டேங்கு. வெளங்காதவள ஏசி என்னட்டி பிரயோசனம்? அதான் நானே தமிழ் சொல்லிக்குடுக்கேன்.' சொன்னபடி செய்தார். முதல் பாடமே வசவுகள். ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொல்லி, உச்சரிப்பு திருத்தி! மேதாவும் சளைக்கவில்லை. பதிலுக்கு மராத்தி வசவுகளைச் சொல்லிக்கொடுத்தாள். ஒருவருக்கொருவர் செலவிட இரண்டு பேருக்கும் அவ்வளவு நேரம் இருந்தது.

கூட்டத்தில் சிரிக்கலாமா, கூடாதா என்ற குழப்பம். அப்போது மேதா எழுந்து வந்து மைக்கை வாங்கினாள். நேராகப் பின்வரிசையைப் பார்த்தாள். அச்சு அசல் நெல்லைத் தமிழ்.

"அத்தை என்னய தெனமும் ஏசுவாங்க. நானும் ஏசுவேன். ஆஸ்பத்திரில கடைசியா நாந்தான் காப்பி குடுத்தேன். ஒரு வாய் குடிச்சாங்க. 'இது காப்பியாட்டி, கழனித்தண்ணி'ன்னாங்க. அப்புறம் பேசவே இல்ல. இப்ப வீட்ல சத்தமே இல்ல. எனக்குப் புடிக்கல."

பின்வரிசைப் பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செந்தில் என் காதருகே வந்தான்.

"அக்கா, மேதா இவ்ளோ தமிழ் பேசுவாளா?"

"நீ வீட்டுல ஹெட்போனைக் கழட்டியிருந்தா உனக்கும் தெரிஞ்சிருக்கும்."

ஒருவர் இறந்ததும் அவரிடமிருந்த காரம், உப்பு எல்லாவற்றையும் நீக்கிப் பத்தியச் சாப்பாடாக்கிவிடுகிறோம். மரியாதையாம்! அப்புறம் நாம் யாருக்காக அழுகிறோம் என்பது நமக்கே தெரிவதில்லை.

கூட்டம் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனார்கள். செந்தில் ஒரு மூலையில் புரொஜெக்டர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். வாசலிலிருந்து மேதா குரல் கொடுத்தாள்.

"ஏல செந்திலு! ஊர்லேர்ந்து வந்தவுக சாப்பிடாம நிக்காக, என்னல பண்ணுத?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கட்டின புருஷனை 'ஏல' என்பதா? அவள் என்ன செய்வாள்? தமிழில் அவனைக் கோமதியம்மாள் கூப்பிட்டு மட்டும்தான் அவள் கேட்டிருக்கிறாள்; அவர் கூப்பிட்டது இப்படித்தான்.

செந்தில் தலையை நிமிர்த்தவில்லை. "இந்தா வாரேம்மா" என்றான்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். அப்படியே நின்றான். இத்தனை நாளும் எல்லா ஏற்பாடுகளையும் கண் கலங்காமல் கவனித்தவன், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். மேதா பக்கத்தில் போய் நின்றாள். ஏசவில்லை.

பாவம் செந்தில்... இனி அம்மாவைப் பற்றி மனைவியிடமும், மனைவியைப் பற்றி அம்மாவிடமும் முறையிட முடியாது. இரண்டும் ஒரே ஆள்!