ஒரு முழத் தூரத்தில் ஏழு பேர்

சைனைட் மண் பல்லில் பட்டால் நறநறக்காது. மாவைப் போல நாக்கில் ஒட்டிக்கொண்டு, கசப்பா புளிப்பா என்று நாம் தீர்மானிப்பதற்குள் தொண்டைக்குள் போய்விடும். சயனைடு கலந்து தங்கம் எடுத்தபின் மிஞ்சிய மண்ணைத் தலைமுறை தலைமுறையாகக் கொட்டியதில் எங்கள் கோலார் தங்கவயலில் உண்டான அந்தச் சாம்பல் நிறக் குன்றுகளை நாங்கள் "சைனைட் மேடு" என்போம். அங்கே போகக் கூடாது என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள், எல்லா வீட்டுப் பிள்ளைகளும் போவார்கள். பன்னிரண்டு வயதில், ஒரு டிசம்பர் காலை முழுவதும் நான் அந்த மேட்டில் குப்புறப் படுத்துக் கிடந்தேன். எனக்கு முன்னால், சரியாக ஒரு முழத் தூரத்தில், விரல் உயர மனிதர்கள் ஏழு பேர் "ஷிப்டு"க்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவர்களைச் செய்தவள் என் அக்கா ஸ்டெல்லா. கிறிஸ்துமஸ் குடிலுக்கு இடையர்கள் வேண்டும் என்று கோயிலில் கேட்டபோது, கம்பியைச் சுற்றிக் களிமண் அப்பி, காயவைத்து, போஸ்டர் கலர் பூசி அவள் கொடுத்த இடையர்கள் தலையில் துண்டுக்குப் பதில் விளக்கு வைத்த சுரங்கத் தொப்பி போட்டிருந்தார்கள். ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறவன் என்றால் அவளுக்கு நைட் ஷிப்டுக்காரன்தான். யாரும் ஆட்சேபிக்கவில்லை, மறு வருஷம் கூடுதலாக நாலு பேர் கேட்டார்கள். ஒருவன் கையில் டிப்பன் கேரியர், ஒருவன் வாயில் பீடி, ஒருவனுக்கு இடது தோள் சற்று இறங்கியிருக்கும். சட்டையின் வியர்வைக் கறையைக்கூட அவள் மூன்றே மயிர் மிஞ்சிய தூரிகையால் தீட்டியிருந்தாள்.

அந்த வருஷம் பெங்களூரில் ஓர் ஓவியக் கல்லூரியில் உதவித்தொகையோடு ஓர் இடம் இருப்பதாகத் தெரிந்து அக்கா விண்ணப்பம் வாங்கி வந்தாள். சுரங்கத்தை மூடி மூன்று வருஷம் ஆகியிருந்தது. எங்கள் நைனா பெங்களூரில் ஒரு குடியிருப்புக்குக் காவலாளியாகிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவார். உதவித்தொகை இல்லாமல் அக்கா படிக்க வழியே கிடையாது. கைவேலைகளின் புகைப்படங்களை ஐந்து நாளுக்குள் அனுப்ப வேண்டும். அக்காவுக்கு ராபர்ட்சன்பேட்டைத் துணிக்கடையில் விடுப்புக் கிடைக்காது. அதனால் படம் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது, உண்மையில் நான்தான் தலையைக் கொண்டுபோய் நீட்டினேன்.

அத்தையின் கேமராவில், காதுகுத்துக்கு எடுத்தது போக, பிலிமில் ஆறு படங்கள் மிச்சமிருந்தன. அது கிட்டத்தில் இருப்பதைத் தெளிவாகக் காட்டாத கேமரா. அம்மாவின் மூக்குக்கண்ணாடியை அதன் முன் ஒட்டி, எத்தனை தூரத்தில் தெளிவாகும் என்று ஸ்டூடியோக்காரரை நச்சரித்துக் கேட்டு, அவர் சொன்ன ஒரு முழத்துக்கு நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். வீட்டுக்குள் எடுத்தால் இருட்டு. பிளாஷ் போட்டால் முகமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிடும் என்றார். வெயிலில் தொப்பியின் நிழல் கண்ணை மறைத்தது. மேகம் வேண்டும். எனக்கோ ஓரிடத்தில் உட்காரும் வழக்கமே இல்லை, இன்றைக்கும் இல்லை. ஒரு மேகத்துக்காக நான் முற்றத்துக்கும் தெருவுக்கும் நடந்த நடையில் அம்மா, "கொஞ்சம் சும்மா இரு, எனக்குத் தல சுத்துது" என்று அதட்டினாள்.

வேலைக்குக் கிளம்பும்போது அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "எல்லாத்துலயும் பக்கத்துல ஒரு தீப்பெட்டி வெச்சு எடு. எத்தினி சின்னதுன்னு அவங்களுக்குத் தெரியணும்."

தீப்பெட்டியை எடுத்துக்கொண்டுதான் போனேன். வானம் மூடியிருந்தது. சுரங்கக் குடியிருப்பில் எங்கள் லைன் வீட்டு முற்றத்து மண்ணில் ஒவ்வொரு கல்லும் பொம்மையின் தலை அளவு இருந்ததால்தான் மேட்டுக்கே போனேன்; அந்த மாவு மண்ணில் விரல் உயர மனிதன் நின்றாலும் கால் சரியாகப் பதியும். பாதத்துக் கம்பியை மண்ணில் செருகி ஏழு பேரையும் வரிசையாக நிறுத்தினேன். தூரத்தில் பனியில் நந்திதுர்க் பக்கத்துச் சுரங்கத்தின் இரும்புக் கோபுரம். தாடை மண்ணில் படுகிறவரை கேமராவைத் தாழ்த்தினேன். மழையில் அரித்த சின்ன ஓடை பெரிய பள்ளத்தாக்காயிற்று. ஏழு பேர் நிஜமாகவே நடந்து போனார்கள். நடுவில் தீப்பெட்டி மட்டும் யாரோ போட்டுவிட்டுப் போன பீரோ மாதிரி கிடந்தது.

அதை எடுத்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேன். முதல் படம் மட்டும் இப்படி, அடுத்ததில் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். மூச்சை அடக்கி எடுத்தேன். அடுத்ததிலும் வைக்க மனம் வரவில்லை. ஆறும் முடிந்தன.

பிரிண்ட் வந்த அன்று அக்கா ஆறையும் பாயில் பரப்பி வெகுநேரம் பார்த்தாள்.

"தீப்பெட்டி எங்கடி?"

"காத்துல பறந்துடுச்சுக்கா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வேறு பிலிம் இல்லை, நாளும் இல்லை. நான்கு படங்களை உறையில் போட்டு ஒட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை நைனா மிச்சம் இருந்த இரண்டில் ஒன்றைக் கையில் எடுத்தார். "இது யாரு எடுத்தது? எந்த ஷிப்டு இது?" என்றவர், தோள் இறங்கியவனைக் காட்டி, "இவன் நம்ம செட்டுதான். பேரு வர மாட்டேங்குது" என்று நெற்றியைத் தேய்த்தார். பொம்மை என்று அம்மா சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சுரங்கத்துக்குள் இருபத்தைந்து வருஷம் இறங்கியவரையே ஏமாற்றிவிட்டேன் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பொங்கல் கழிந்து கல்லூரியின் கடிதம் வந்தது. கேட்டது விண்ணப்பதாரரின் கைவேலைப் படங்கள். அனுப்பப்பட்டிருப்பதோ சுரங்கத் தொழிலாளர்களின் புகைப்படங்கள். ஆகவே பரிசீலிக்க இயலவில்லை. அக்கா அதை மூன்று முறை படித்தாள். "போய்ச் சொல்லலாம்க்கா, பொம்மைங்கள எடுத்துனு போலாம்" என்று நான் அழுதேன். போனாள். இடம் நிரம்பிவிட்டது என்றார்களாம். பொம்மைகளைப் பார்த்து ஒருவர் நன்றாயிருக்கிறது என்றும் சொன்னாராம்.

அதற்கடுத்த மாதம் அக்கா பெங்களூரில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். விடியுமுன் ரயில், பங்காருபேட்டை தாண்டும்போதுதான் வெளிச்சம் வரும் என்பாள். இன்றும் அதே ரயில்தான். குடிலுக்கு அதன்பிறகு அவள் ஒன்றும் செய்யவில்லை. ஏழு பேரும் பீரோ மேல் அட்டைப்பெட்டியில் இருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி வண்ணமெல்லாம் கரைந்து, கம்பிகள் மட்டும் மிஞ்சின. நான் படுத்துக் கிடந்த மேட்டின் அந்தப் பக்கத்தையும் மழை அரித்துக்கொண்டு போய்விட்டது.

நான் இப்போது பெங்களூரில் விற்பனைக்கு வரும் சின்னச் சின்னப் பொருட்களைப் படம் எடுத்துப் பிழைக்கிறேன். காதணி, மரப்பொம்மை, கொலு பொம்மை. நன்றாக எடுக்கிறேன் என்று பெயர். ஒவ்வொரு முறை யாராவது புகழும்போதும் எழுந்து இரண்டு நடை நடந்துவிட்டுத்தான் வேலையைத் தொடருவேன்.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அடுப்படியில் பிரியாணிக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அக்காவிடம் சொல்லிவிட்டேன். தீப்பெட்டி பறக்கவில்லை, நான்தான் வைக்கவில்லை என்று.

"தெரியும்" என்றாள், கையை நிறுத்தாமல். "நீ படம் எடுத்த அன்னிக்குச் சாயந்தரம் உன் பாவாடையத் தோய்ச்சது நான்தானே. பையிலயே இருந்துச்சு."

"அப்ப ஏங்க்கா ஒரு வார்த்த கேக்கல? கோவம் வரலயா?"

"வராம இன்னா? ரெண்டு வருஷம் இருந்துச்சு." பூண்டுத் தோலை முறத்தில் ஊதித் தள்ளினாள். "கேட்டிருந்தா நீ அப்புறம் கேமராவக் கையால தொட்டிருப்பியா?"