என் மாமா காட்டிய பிழைகள்

என் தாய்மாமா என்னைக் கம்ப்யூட்டர் சயன்ஸ் வகுப்பிலிருந்து வெளியே தள்ளினார். இதை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. சொல்லவும் மாட்டேன்.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. பிளஸ் ஒன் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. குரூப் மாற்றுவதென்றால் இப்போதே மாற்றிக்கொள்ளலாம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு நான் காமர்ஸ் படித்தால் போதும். அம்மா மட்டும், பிள்ளை ஆசைப்படுகிறாளே என்று முனகினாள். எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் அம்மாவின் தம்பி. பாறசாலை ஜங்ஷனில், ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினார். அவர் என்னைச் சோதித்துப் பார்த்துச் சொல்லட்டும் என்று முடிவானது. கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதற்குப் பதிலாக மாமா.

நான் கொண்டுபோனது இரண்டின் வர்க்கமூலத்தைத் தேடும் புரோகிராம். விடை ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. நடுவிலுள்ள எண்ணை அதே எண்ணால் பெருக்கிப் பார்க்க வேண்டும். இரண்டைத் தாண்டினால் மேல் பாதியை வீசிவிடலாம், தாண்டாவிட்டால் கீழ் பாதியை. மிச்சத்திலும் அப்படியே. முழு விடை ஒருநாளும் வராது, ஆனால் வேண்டிய அளவு நெருங்கலாம். எனக்கு அது சோற்றைவிடப் பிடித்திருந்தது.

மாமாவின் சென்டரில் அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க, நான் தட்டச்சு செய்தேன். ஓடவிட்டதும் திரையில் பிழைகள் வரிசையாக ஏறின. மாமா அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாக நகர்த்தி அப்பாவுக்குக் காட்டினார்.

"பாரும் அத்தான், மேலேருந்து கீழ வர தப்பாக்கும்."

"இம்புட்டுமா?"

"இன்னும் கீழ உண்டு. இவளால இது பற்றாது. காமர்ஸ்ல சேத்துரும்."

அப்பாவுக்கு அதில் ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் பரீட்சைத் தாளில் சிவப்பு மை பார்த்துப் பழகியவர். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் பள்ளி லேபில் அதே புரோகிராமைப் புத்தகத்தோடு வரி வரியாக ஒப்பிட்டேன். தொடக்கத்தில் ஒரு பிராக்கெட் இல்லை. போட்டேன். அத்தனை பிழையும் போய் ஒன்றே ஒன்று மிஞ்சியது, ஒரு அரைப்புள்ளி. அதையும் போட்டேன். 1.41421 என்று வந்தது.

வீட்டுக்கு ஓடினேன். மாமா வந்திருந்தார், அப்பாவோடு உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தார். ஒரே ஒரு பிராக்கெட்தான் மாமா, எல்லாம் சரியாகிவிட்டது என்றேன். அவர் மெதுவாக மென்று விழுங்கினார்.

"அத எவன் மக்கா போட்டுத் தந்தான்?"

"ஒருத்தனும் இல்ல. நானாக்கும் போட்டேன்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் வர்க்கமூலமும் இல்லை, பிராக்கெட்டும் இல்லை. லேபில் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று மட்டும் கேட்டார். மாமாவிடம் எதிர்த்துப் பேசியதற்குத் தனியாக ஏச்சு விழுந்தது. அடுத்த திங்கட்கிழமை நான் காமர்ஸ் வகுப்பில் இருந்தேன்.

மாமாவுக்குத் தெரியவில்லை, பாவம், அவரும் திரையைப் பார்த்து ஏமாந்துவிட்டார் என்றுதான் அன்று நினைத்தேன். அவர்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

இப்போது பாலராமபுரத்துத் துணிக்கடைகளுக்கு பில் போடும் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறேன். பி.காம் முடித்து, நானே தட்டுத் தடுமாறிக் கற்றது. மேலே ஒரு பிராக்கெட் விட்டால் கீழே நல்ல வரிகளும் பிழையாகக் காட்டும். முதல் பிழையைத் திருத்திவிட்டு மறுபடி ஓடவிட வேண்டும். என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே இதைப் புரிந்துகொள்கிறார்கள். மாமா அன்றைக்கே எட்டு வருஷமாக சென்டர் நடத்திக்கொண்டிருந்தவர்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை குளத்தூர் வாசகசாலை ஆண்டுவிழாவில் பெண்பிள்ளைகளும் கம்ப்யூட்டர் படிப்பும் என்று அவர் பேசப்போகிறாராம். நான் முன்வரிசையில் இருப்பேன். அப்பாவையும் கூட்டிவருவேன். மாமா, அன்றைக்கு அந்தத் திரையைப் பார்த்தபோது அது ஒரு பிராக்கெட்தான் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? வீட்டில் வந்து சொல்ல வேண்டாம். அங்கே, மைக்கில் சொல்லுங்கள்.