டெலஸ்கோப்பும் மூன்று திருகாணிகளும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் பிசிக்ஸ் டீச்சராக இருந்தேன். லேப் அலமாரியில் பல வருடமாகத் தூங்கிய டெலஸ்கோப்பைத் தலைமையாசிரியை ஒருநாள் என் தலையில் கட்டினார்.

"ஆண்டு விழாவுக்கு வர்ற பெற்றோருக்கு நிலாவைக் காட்டணும். நீங்கதானே லென்ஸ் பாடம் எடுக்கறீங்க?"

எடுத்தேன்தான். கரும்பலகையில் கோடு போட்டு அம்புக்குறி வரைவேன். டெலஸ்கோப்பை அதுவரை தொட்டதுகூட இல்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பெட்டியை ஆட்டோவில் ஏற்றி அஸ்தினாபுரத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மொட்டை மாடியில் நானும் கணவரும் முக்காலியை நிறுத்தி, குழாயை அதன்மேல் பூட்டினோம். பொழுது சாய்ந்ததும் மேற்கே பளிச்சென்று ஒரு வெளிச்சம்.

"வெள்ளிங்க! வெள்ளி கிரகம்!" என்று கத்தினேன்.

குழாயை அந்தப் பக்கம் திருப்பிக் கண்ணை வைத்தால் ஒரே இருட்டு. இப்படித் தள்ளினேன், அப்படித் தள்ளினேன். நிமிர்ந்து வானத்தைப் பார்த்த கணவர் சாவதானமாகச் சொன்னார்: "உன் வெள்ளிக்கு ரெக்கை இருக்கு."

மீனம்பாக்கத்தில் இறங்க வந்த விமானம்.

ஒரு வாரம் இருட்டைத் தவிர எதுவும் சிக்கவில்லை. பிறகுதான், பெட்டியின் அடியில் கசங்கிக் கிடந்த காகிதத்தைப் படித்தேன். பெரிய குழாயின் முதுகில் இருக்கும் குட்டிக் குழாய் குறிபார்க்க. இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்கும்படி முதலில் பகலிலேயே சரிசெய்ய வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தூரத்துத் தண்ணீர் டேங்க்கைக் குறிவைத்தோம். குட்டிக் குழாயைப் பிடித்திருந்தவை மூன்று திருகாணிகள். ஒன்றை இறுக்கினால் மற்றொன்று கோபித்துக்கொண்டு தளர்ந்தது. நான் கண்ணை வைத்து உத்தரவு போட, கணவர் திருகினார். இரண்டு மணி நேரம் பேச்சுவார்த்தையே முறிந்துபோகும் நிலை. கடைசியில் டேங்க் இரண்டு குழாயிலும் நடுவில் வந்து நின்றது.

மிளகாய் காயவைக்க வந்த வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, டேங்கி தலைகீழா கீது? தண்ணி கொட்டிடாது?"

"இதுல அப்படித்தான் தெரியும்மா" என்றேன், பிறந்ததிலிருந்தே தெரிந்தவள் போல.

ஆண்டு விழா மாலை, பள்ளி மொட்டை மாடியில் நிலா முதல் முயற்சியிலேயே அகப்பட்டது. பள்ளங்களும் அவற்றின் நிழலும் அத்தனை துல்லியம். பெற்றோர் வரிசை மாடிப்படி வரை நீண்டது. முதலில் பார்க்க வந்த தலைமையாசிரியை குனிந்தவர் குனிந்தவர்தான். வகுப்பில் யாரையும் ஒரு நிமிடம் சும்மா நிற்கவிடாதவர்.

"மேடம், நிலா நகர்ந்துடும். மறுபடி பிடிக்கணும்" என்றேன் மெதுவாக.

"நகரட்டும் டீச்சர்" என்றார், கண்ணை எடுக்காமலே. "நானும் கூடவே நகர்ந்துக்கறேன்."