அவன்மேல் நான் வைத்த ஐநூறு ரூபாய்

ஸ்நூக்கர் ஆடுகிறவன் ஸ்நூக்கர் மேல் பந்தயம் கட்டக் கூடாது. தன் ஆட்டத்தின் மேல் மட்டுமில்லை, உலகத்தில் எந்த மூலையில் யார் ஆடினாலும் கட்டக் கூடாது. ஜெயிப்பான் என்றும் கட்டக் கூடாது, தோற்பான் என்றும் கட்டக் கூடாது. நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இது தெளிவாக இருந்ததாம். படித்தாயா என்று கேட்காதீர்கள். இந்த மலையாள ஊரின் சாலை பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. சரக்குச் சீட்டை வரி வரியாகப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன். ஆனால் நாற்பதை நெருங்குகிற வயதில் ஒருத்தர் வந்து, "நீங்கள் இனி தொழில்முறை ஆட்டக்காரர்" என்று காகிதத்தை நீட்டினால் படிக்கவா தோன்றும்? பேனாவைப் பிடுங்கிப் போட்டுக் கொடுத்தேன்.

இப்போது இரண்டு வருஷத் தடையில் இருக்கிறேன். தம்பானூர் பக்கம் ஆளுக்கொரு கதை ஓடுகிறது. நான் லட்சக்கணக்கில் வாங்கிவிட்டேன் என்று ஒருத்தன் சத்தியமே செய்கிறானாம். சவத்தெளவு, லட்சம் வாங்கினவன் எதற்குக் காலையில் கடை திறந்து ஆணி நிறுத்துக்கொண்டிருக்கிறான்? அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் ஆடிப் பழகிய கிளப் தம்பானூரில், ஒரு லாட்ஜின் மாடியில் இருக்கிறது. மூன்று டேபிள். தோற்றவன் டேபிள் வாடகை கொடுக்க வேண்டும், அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். எங்கள் கிளப்பில் இன்னொன்றும் உண்டு. சுற்றி உட்கார்ந்து பார்க்கிறவர்கள் யார்மேலாவது ஒரு சாயா பந்தயம் வைத்தே ஆக வேண்டும். அதுவும் நன்றாக ஆடுகிறவன் மேல் இல்லை, தன் கூட்டாளி மேல். அவன் தோற்கத்தான் போகிறான் என்று தெரிந்தாலும் அவன்மேல்தான் வைக்கணும். கணக்குப் பார்த்து எதிராளிமேல் வைத்தவனோடு ரெண்டு நாள் யாரும் பேச மாட்டோம். தன்மேல் தானே வைப்பது அதைவிடக் கேவலம், தலைக்கனம் பிடித்தவன் என்பார்கள். இந்தப் பழக்கத்தில் ஊறினவனுக்குப் பந்தயம் என்பது பணம் இல்லை. நான் உன் பக்கம் என்று சொல்கிற ஒரு வழி, அவ்வளவுதான்.

நான் பணம் வைத்தது அந்தக் கிளப்பின் மார்க்கர் மேல். மார்க்கர் என்றால் டேபிள் துணியைத் துடைத்து, பந்தை அடுக்கி, புள்ளி குறிக்கிறவன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஓட்டல் வேலைக்கு வந்து, அது சரிப்படாமல் எங்கள் மாடி ஏறினான். பதினைந்து வருஷம் எங்கள் ஆட்டத்தையெல்லாம் நின்றபடியே பார்த்தான். நாங்கள் வீட்டில் தின்றுவிட்டுத் தூங்குகிற மத்தியானங்களில் காலி டேபிளில் தனியாக ஆடினான். தொழில்முறைத் தொடருக்குத் தேர்வு நடந்தபோது எங்கள் கிளப்பிலிருந்து தேறியது இரண்டே பேர், நானும் அவனும். ஆனால் என்னை மட்டும் அவனால் ஒரு தடவைகூட ஜெயிக்க முடிந்ததில்லை.

"ஒரு நாள் உங்கள அடிப்பேன், பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்பான்.

"அடி மக்கா. நான் என்ன கையக் கட்டிக்கிட்டா இருப்பேன்?" என்பேன்.

அந்தச் சமயத்தில் ஊரில் ஒரு விளையாட்டு மையத்தில் ஸ்நூக்கர் பயிற்சியாளர் வேலை வந்தது. நிரந்தர வேலை. தொழில்முறைப் போட்டி ஒன்றில் இறுதி ஆட்டம் வரை போனதற்குச் சான்றிதழ் வேண்டும் என்று நிபந்தனை. வயது வரம்பும் உண்டு, அவனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. கரமனையில் ஒரு வீட்டின் பின்கட்டில் மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் வாடகைக்கு இருந்தான். மார்க்கர் சம்பளத்தில் அந்த நாலு பேரும் எப்படித் தின்றார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவனும் சொன்னதில்லை.

அந்தச் சான்றிதழுக்குத் தோதாக எங்கள் ஊர் ஓட்டல் ஒன்றிலேயே போட்டி நடந்தது. பதினாறு ஆட்டக்காரர்கள். யார் யாரோடு என்று சீட்டுக் குலுக்குவதற்கு மூன்று நாள் முன்னால், போனில் பந்தயம் கட்டுகிற ஒரு ஆப்பைச் சும்மா திறந்து பார்த்தேன். கோப்பையை யார் வெல்வார் என்கிற பட்டியலில் அவன் பெயர் கடைசியில் கிடந்தது. அவன்மேல் ஒருத்தனும் ஒரு ரூபாய் வைக்கவில்லை. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பதினைந்து வருஷம் நின்ற காலில் நின்று படித்தவன், இவன்களுக்கு இளப்பமா? கோப்பை அவனுக்குத்தான் என்று ஐநூறு ரூபாய் போட்டேன். எனக்கு அது கொஞ்சம் பெரிய சாயா.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிவது இப்படித்தான். நான் இரண்டு ஆட்டம் ஜெயித்தேன், அவனும் இரண்டு ஜெயித்தான். அரையிறுதியில் என் எதிரே வந்து நின்றது அவன். அவன் கோப்பையை வெல்ல வேண்டுமானால் நான் தோற்க வேண்டும். அன்று காலையில் பல் தேய்க்கும்போது இது ஞாபகம் வந்தது. நான் செய்த காரியம் என்ன தெரியுமா? சிரித்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு ஆடப் போய்விட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவே இல்லை.

ஒன்பது ஃப்ரேம் ஆட்டம், ஐந்து சுற்று ஜெயித்தவனுக்கு வெற்றி. நாலுக்கு நாலு வந்து நின்றது. கடைசி ஃப்ரேமில் எல்லாப் பந்தும் போய்க் கறுப்பு மட்டும் மிச்சம். அதைப் பாக்கெட் குழிக்குள் போடுகிறவன் இறுதி ஆட்டத்துக்குப் போவான். முறை என்னுடையது. கொஞ்சம் தூரம்தான், ஆனால் நேர்ப் பந்து. பத்தில் எட்டுத் தடவை போடுவேன். குனிந்தேன், அடித்தேன். பாக்கெட்டின் இரண்டு உதட்டிலும் தட்டித் தடுமாறி வாசலிலேயே நின்றுவிட்டது. அவன் வந்து மெதுவாகத் தட்டி உள்ளே தள்ளினான். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றான்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கை கொடுத்துவிட்டு வெளியே போயிருக்க வேண்டும். நுணல் தன் வாயால்தானே கெடும். கட்டிப்பிடித்து, ஹால் முழுக்கக் கேட்கும்படி, கிளப்பில் சொல்கிற மாதிரியே சொன்னேன்: "நாளைக்கு விட்டுராத மக்கா, உன்மேல ஐநூறு ரூபா வச்சிருக்கேன்."

பக்கத்தில் வெள்ளைக் கையுறையோடு நின்ற நடுவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஆள் முகம் மாறியது. துண்டை இறக்கிய அவன் முகமும் மாறியது. அவன் ஒப்பந்தத்தைப் படித்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் இறுதி ஆட்டத்தில் அவன் தோற்றான். அது பரவாயில்லை, சான்றிதழுக்கு இறுதி வரை போனாலே போதும். ஆனால் விசாரணை முடிகிற வரை எங்கள் அரையிறுதி முடிவு செல்லுமா செல்லாதா என்று சொல்ல முடியாது, அதுவரை சான்றிதழும் கிடையாது என்றார்கள்.

விசாரித்தவர் ஒரு வக்கீல் அம்மா. மலையாளத்தில் தன்மையாகத்தான் கேட்டார். நான் பாதி மலையாளம் பாதி தமிழில் உளறினேன்.

"நீங்கள் தோற்றால்தானே உங்கள் பந்தயம் பிழைக்கும்?"

"கணக்குப்படி ஆமாம் மேடம்."

"பிறகு எப்படி நம்புவது?"

சாயா வைக்கிற வழக்கத்தை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எழுதியதைத் திரும்ப வாசித்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை.

"அந்தக் கறுப்பு விழாதபோது உங்களுக்கு என்ன தோன்றியது?"

"வருத்தமாக இருந்தது" என்றேன்.

அது பொய் இல்லை. நான் ஜெயிக்கத்தான் அடித்தேன், என் பிள்ளைகள் மேல் ஆணை. ஆனால் பந்து வாசலில் நின்ற அந்த நேரத்தில் வருத்தத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அப்பாடா, இவனுக்கு வேலை கிடைத்துவிடும் என்று ஒரு நிம்மதி. அது அடித்த பிறகு வந்ததா, அடிக்கும்போதே கையில் இருந்ததா? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். எனக்கே தெரியாததை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்ல?

வேலைக்கான நேர்காணலுக்குச் சான்றிதழ் இல்லாமலே போனான். அங்கே இருந்தவர்கள் பரிதாபப்பட்டார்களாம். பரிதாபத்தை வைத்து வேலை கொடுக்க முடியாதே. இன்னொருத்தர் சேர்ந்துவிட்டார். அதற்கப்புறம்தான் தீர்ப்பு வந்தது. ஆட்டத்தில் கள்ளம் இருந்ததற்கு ஆதாரம் இல்லை, முடிவு செல்லும். பந்தயம் கட்டியதற்கு எனக்குத் தடை. அவனுக்குச் சான்றிதழ் தபாலில் வந்தது. அதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

எனக்கு வந்த தடையை நான் ஒரு நாள்கூடக் குறை சொன்னதில்லை. சட்டம் சட்டம்தான். இந்தக் கையைத்தான் வெட்டிப் போடலாம் போல இருந்தது. ஊரிலேயே அவனை நம்பிக் காசு வைத்தவன் நான் ஒருத்தன், அவன் சோற்றில் மண்ணைப் போட்டவனும் நான்தான்.

போன மாதம் ஒரு மத்தியானம் கடைக்கு வந்தான். கதவுக்குக் கீல் வேண்டும் என்றான். எடுத்துக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றதற்குக் கேட்காமல் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தான். போகாமல் நின்றான்.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கோவப்படாதீங்க. அந்தக் கறுப்ப எனக்காக விட்டீங்களா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தது, சொல் வரவில்லை. ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும்.

"இல்ல மக்கா. ஜெயிக்கத்தான் அடிச்சேன்" என்றேன்.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு மூச்சையும் பார்த்துவிட்டான்.

"சரி அண்ணாச்சி" என்றான். கீலைப் பையில் போட்டுக்கொண்டான். "வேலை போனா போட்டும். உங்கள ஒரு தடவை ஜெயிச்சிட்டேன்னு பிள்ளைக கிட்ட சொல்லி வச்சிருந்தேன். இப்ப அதுக கேட்டா என்ன சொல்லதுன்னு தெரியல."